பார்த்தவன் முதலில் பேசக் கூடாது

1. உச்சி வெயிலில் ஒரு கேப்பைக் கொல்லை

வழக்கறிஞர் தேவகி பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அவர் எழுதப் போகிற வரி எனக்குத் தெரியும்: "தாவா சொத்தில் வண்டிப்பாதை ஏதும் காணப்படவில்லை." அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் போதும், என் கட்சிக்காரர் ஆரோக்கியமேரியின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போகும்.

ஊர், திண்டிவனத்திலிருந்து மேல்சித்தாமூர் போகிற பக்கம். தேவகி கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர். நிலத்தை நேரில் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி நீதிபதிக்கு எழுதித் தருவது அவர் வேலை. அவருக்கு எதிரே இடுப்பு உயரத்துக்குக் கேப்பை நின்றது. ஆரோக்கியமேரியின் நிலம் அந்தக் கேப்பைக்கு அப்பால், வடக்கே. நடுவில் இருப்பது கோவிந்தசாமியின் கொல்லை. அதன் வழியாகத்தான் மூன்று தலைமுறையாக வண்டி போனது என்று நாங்கள் வழக்குப் போட்டிருந்தோம். பாதையே கிடையாது என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள்.

"நல்லா பாத்துக்குங்க மேடம்" என்றார் கோவிந்தசாமி. "எங்கனா பாதை கீதைன்னு இருக்குதா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இது பயிரு வைக்கிற நெலம்."

ஆரோக்கியமேரிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மாமா, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. போன வருசம் எங்க வண்டி இங்கதானே சேத்துல மாட்டிக்கிச்சு? பின்னாலேர்ந்து தோள குடுத்து தள்ளுனது ஆரு?"

"அது வேற எடம்."

"வேற எடமா? உன் வேட்டியெல்லாம் சேறாயிப் போயி, அத்தை உன்ன வாசல்லயே நிக்க வெச்சி தண்ணி ஊத்துச்சே, அதுவும் வேற ஆளா?"

கோவிந்தசாமியின் பக்கம் நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். அவருடைய வக்கீல் சபாபதி மட்டும் குடைக்குள்ளிருந்து கையை நீட்டி அமர்த்தினார். திண்டிவனம் பாரில், வக்கீல்கள் சங்கத்தில், மூத்தவர். கனத்த உடம்பு, கூர்மையான வாய்.

"மேடம், வெயில் மண்டையப் பொளக்குது. இருக்கறத இருக்கறபடி எழுதுங்க. பயிரு இருக்குது, பாதை இல்ல. முடிஞ்சிது கதை."

நான் குறுக்கே போனேன். "மேடம், எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில, சூரியன் எழும்புற நேரத்துல, அதோ தெற்க தெரியற பாறை மேலேர்ந்து ஒரு தடவ இந்தக் கொல்லையப் பாக்கணும்."

சபாபதி என்னைக் காட்டி, குடையோடு குலுங்கிச் சிரித்தார். "நம்ம மேஜர் இன்னும் ஹெலிகாப்டர்லேர்ந்து எறங்கல மேடம். வானத்துலேர்ந்துதான் வழக்கு நடத்துவாரு."

தேவகி என்னைப் பார்த்தார். "பாறை மேலேர்ந்தா? எதுக்கு சார்?"

"அத நான் சொல்லக் கூடாது மேடம்."

"காரணம் சொல்ல மாட்டீங்க. ஆனா நான் ஏறணும்."

"ஆமா மேடம்."

இப்படி ஒரு கோரிக்கையை வைக்கும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. எட்டாம் வகுப்பும் சப்பாத்திக் கல்லும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. ஓரிடத்தில் உட்கார எனக்குத்தான் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நெடுஞ்சாலை. லாரிகள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். அதன் பிறகு பெங்களூரில் ஓட்டல், குண்டூரில் மிளகாய் மண்டி, மறுபடி லாரி, வானூர் பக்கம் கல் உடைக்கிற கிரஷர். மிளகாய் மண்டியில் கண் எரியும். கிரஷரில் தூசியைத்தான் மூச்சாக இழுக்க வேண்டும். ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் அங்கேதான் சீக்கிரம் சலித்துப்போனது.

விழுப்புரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிரஷரில் இரண்டு பேர் கிளம்பினார்கள். துணைக்குப் போனேன். அவர்கள் ஓட்டத்தில் தோற்றார்கள். நான் ஜெயித்தேன். எட்டாவது படித்தவனுக்குச் சமையல்காரன் வேலை உண்டு என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஊர் சுற்றச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் எனக்கு என்ன கசக்கிறதா?

வடக்கே ஒரு மலை முகாமில் சப்பாத்திக் கல்லுக்குப் பின்னால் நின்றேன். ரேஷனும் கடிதமும் ஹெலிகாப்டரில்தான் வரும். அது இறங்குகிற சத்தம் கேட்டால் கல்லில் சப்பாத்தி கருகும், நான் வெளியே நிற்பேன். ரோடு இல்லாத இடத்துக்கெல்லாம் போகிற ஒரு லாரி என்றுதான் அது எனக்குப் பட்டது. கிளீனராக இருந்தவனுக்கு டிரைவர் சீட்டின் மேல் ஆசை வராதா?

பைலட் ஆக வேண்டுமானால் ஆபீசராக வேண்டும். ஆபீசராக வேண்டுமானால் பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும். ராணுவத்தில் இருந்துகொண்டே படிக்கலாம். கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பத்தாவது எழுதினேன், பன்னிரண்டாவது எழுதினேன். சிப்பாய்களிலிருந்து ஆபீசர் எடுக்கிற தேர்வில் முதல் தடவை தோற்றேன், அடுத்த தடவை தேறினேன். பயிற்சி, பட்டம், பீரங்கிப் படையில் சில வருடம், பிறகு பறக்கும் பயிற்சி. எழுதுகிறபோது நாலு வரியில் முடிந்துவிடுகிறது. வாழ்ந்தபோது இளமையில் பாதி அதில் போனது. குறை ஒன்றும் இல்லை.

பைலட்டாக முதல் தடவை அதே மலை முகாமில் இறங்கினேன். ஆபீசர் மெஸ்ஸில் தட்டு வைத்த பழைய சமையல்காரர் என் முகத்தையே பார்த்தார். கடலூர்க்காரர்.

"டேய், நீ பருப்புல உப்பு போட மறக்கறவன்தானே?" என்றார். உடனே தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு விறைப்பாக நின்று, "சார்!" என்றார்.

"உப்பு சரியா இருக்குதாண்ணே இன்னிக்கு?" என்றேன். அன்று அவர் எனக்கு ஊற்றிய நெய், ஒரு பிளட்டூனுக்குப் போதும்.

3. இல்லாத ஹெலிபேட்

இளைஞர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் குண்டு, துப்பாக்கி பற்றித்தான். எங்களுக்கு அந்தப் பனிமலையில் பெரிய எதிரி வெள்ளை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. எது பள்ளம், எது மேடு என்று கண்ணுக்குச் சிக்காது. அதனால் ஹெலிபேடைச் சுற்றிக் கறுப்பு டிரம் வைத்திருப்பார்கள். காற்று பார்க்க ஒரு சிவப்புத் துணி இருக்கும். அதைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். சின்ன ஹெலிகாப்டர், அந்த உயரத்தில் காற்று மெலிந்து போகும், இன்ஜினில் மிச்ச சக்தி என்று அதிகம் இருக்காது. இறங்க ஆரம்பித்த பிறகு மனம் மாறினால் மறுபடி ஏறுவது அதன் இஷ்டம்.

ஒரு நாள் எங்கள் பிளைட் கமாண்டர் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் கோ-பைலட். புது ஹெலிபேட், இரண்டு பேரும் முன்பு போனதில்லை. "அதோ, இடது பக்கம், ஹெலிபேட்" என்றார் அவர். நானும் பார்த்தேன். கறுப்பு டிரம் தெரிந்தது, சிவப்புத் துணி தெரிந்தது. "ஆமா சார்" என்றேன். இறங்கினோம்.

கிட்டே போன பிறகுதான் டிரம் எல்லாம் பாறை என்று தெரிந்தது. சிவப்புத் துணி, எப்போதோ சாமான் போட்ட பாரசூட்டின் கிழிசல். கமாண்டர் ஹெலிகாப்டரின் மூக்கைச் சரிவுப் பக்கம் தள்ளி, பள்ளத்துக்குள் விழுவதுபோல விட்டு, வேகம் பிடித்து மேலே கொண்டுவந்தார். அவர் கை மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத ஆள் இருந்திருக்காது.

முகாமுக்குத் திரும்பி டீ குடிக்கும்போது அவர் கேட்டார். அவர் ஹிந்தியில் கேட்டதை நம் பேச்சில் எழுதுகிறேன். "உண்மையச் சொல்லு. நீ டிரம்ம பாத்தியா, இல்ல நான் சொன்னதால பாத்தியா?"

நான் யோசித்தேன். "நீங்க சொன்னப்புறம்தான் சார் தெரிஞ்சிது."

"அப்ப ஹெலிகாப்டர்ல ரெண்டு பேரு இல்ல. ஒரே ஆளோட கண்ணுதான் ரெண்டு சீட்ல உட்காந்திருந்துது."

அன்றைக்கே எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வந்தது. முதலில் பார்த்தவன் வாயைத் திறக்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்க வேண்டும். மற்றவன் தானாகப் பார்த்து, தானாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இறக்கம். கேட்க எளிது. கண் முன்னால் தெரிகிற ஒன்றைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் வானத்தில் கற்றேன். சமவெளிப் பறப்புகளில் அதிகாலைச் சாய்வெயில் இருக்கும்போது கீழே பார்த்தால், தரையில் நிற்பவனுக்குத் தெரியாத பலதும் தெரியும். தூர்ந்த வாய்க்கால், இடிந்த மதில், உழுது மறைத்த பாதை. கெட்டிப்பட்ட மண்ணில் வேர் இறங்காது. பயிர் அங்கே சாண் குட்டையாக நிற்கும். பக்கத்துப் பயிரின் நிழல் அதன்மேல் விழுந்து கோடாகத் தெரியும். வெயில் உச்சிக்குப் போய்விட்டால் நிழல் காலடியில் சுருங்கிவிடும். எல்லாம் ஒரே பச்சை.

4. கறுப்புக் கோட்

பென்ஷன் தகுதி வந்ததும் மேஜராக ராணுவத்தை விட்டு வெளியே வந்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி மேனேஜர் வேலை. கண்ணாடி அறையில் என்னால் உட்கார முடியவில்லை, விட்டுவிட்டேன். ஓர் உறவினர் வழக்கில் சாட்சி சொல்ல விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனபோதுதான் சட்டத்தின்மேல் கண் விழுந்தது. இரண்டு வக்கீல்கள் ஒரு நிலத்துக்காக உயிரைக் கொடுத்து வாதாடினார்கள். இரண்டு பேரும் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. இந்த வேலையில் நமக்கும் ஓரமாக ஓர் இடம் உண்டு என்று தோன்றியது.

மூன்று வருடச் சட்டப் படிப்பு. வகுப்பில் எல்லாரும் "அங்கிள்" என்றார்கள். சில வாத்தியார்களும் வாய் தவறி அப்படியே அழைத்தார்கள்.

திண்டிவனம் கோர்ட்டில் முதல் நாள், கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல் டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

"எத்தினி வருசமா இழுத்துக்கினு இருக்குது பெரியவரே, உங்க கேசு?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது" என்றேன்.

"அய்யய்யோ, இந்த வயசுலயா!" என்று ஒரு வடையைச் சும்மா கொடுத்தார்.

பாரில் எனக்கு 'ஹெலிகாப்டர் வக்கீல்' என்று பேர் வைத்தார்கள். எந்த வழக்கு வந்தாலும் முதலில் இடத்தைப் போய்ப் பார்ப்பேன். புது இடத்தில் இறங்குகிற பைலட் செய்கிற மாதிரி, தூரத்தில் நின்று ஒரு சுற்று, கிட்டே போய் ஒரு சுற்று. அதற்கப்புறம்தான் பிராது எழுதுவேன். "நீ வக்கீலா, தலையாரியா?" என்று சபாபதி கேட்பார். சட்டத்தில் அவர் அறிவு பெரிது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை வருடத் தொழிலில் செருப்பில் சேறு பட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

5. ஆரோக்கியமேரியின் மல்லாட்டை

ஆரோக்கியமேரி என்னிடம் வந்தது ஐப்பசி பிறந்த பிறகு. கணவர் புதுச்சேரியில் கொத்தனார். நிலம், மாடு, கூலியாள் எல்லாம் இந்த அம்மாதான். ஆடியில் மல்லாட்டை போட்டிருந்தார். விதைக்கிறபோது டிராக்டர் வழக்கமான பாதையில்தான் போனது. அதன் பிறகு கோவிந்தசாமி அந்தப் பாதையையும் சேர்த்து உழுது கேப்பை விதைத்தார், சுற்றிலும் முள்கம்பி கட்டினார்.

"இன்னா காரணம்?" என்று கேட்டேன்.

"பொண்ணு கல்யாணப் பத்திரிகைல அவுரு பேரு போடல சார். நெசமாவே மறந்துட்டோம். பிரஸ்காரன் மேல பழி போட்டோம், அவுரு நம்பல."

இரண்டு வீடும் அதுவரை ஒன்றாக இருந்தவை. மாதா தேர் இழுக்க அவர் வருவார், கூழ் ஊற்றுகிற நாளில் இவர்கள் போவார்கள். ஒரு பெயர் விடுபட்டதில் பாதை போயிற்று.

நிலத்தின் மற்றப் பக்கமெல்லாம் ஏரி. களை எடுக்கிற பெண்கள் வறண்டு கிடந்த ஏரிக்குள் இறங்கி, உள்வாய் வழியாகச் சுற்றிப் போனார்கள். டிராக்டர் அங்கே இறங்கி ஏற வழியில்லை. இப்போது மல்லாட்டை முற்றிவிட்டது. மழை இறங்கினால் ஏரியில் தண்ணீர் ஏறும், அந்த வழியும் மூடும். ஈரம் பட்ட முற்றின மல்லாட்டை செடியிலேயே முளைவிடும்.

"வருசம் முழுக்க இந்த ஒரு வெள்ளாமதான் சார். மழ வர்றதுக்குள்ள டிராக்டர் உள்ள போவணும். இல்லன்னா அத்தினியும் மண்ணுக்கே."

வழக்கம்போல மறுநாள் விடியலில் போனேன். ஊருக்குத் தெற்கே இருந்த மொட்டைப் பாறையில் ஏறி நின்றேன். வெயில் சாய்வாக விழுந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை, ஆரோக்கியமேரியிடம்கூட. போனில் படம் எடுத்தால் "போட்டோவுல இன்னா வேணா பண்ணலாம்" என்று சபாபதி ஊதித் தள்ளிவிடுவார். விஷயம் கசிந்தால் கோவிந்தசாமி ஒரே ஓட்டில் கேப்பையை மடக்கி உழுதுவிடுவார். அதைவிட முக்கியம், நான் சொல்லிப் பார்த்தால் அது என் கண். கோர்ட்டுக்கு வேண்டியது கமிஷனரின் கண்.

வழக்குப் போட்டு, கமிஷனர் நியமனமானதும் காலை நேர ஆய்வு கேட்டேன். "காலையில எனக்கு விழுப்புரத்துல கேசு" என்றார் சபாபதி. மதியம் என்று முடிவானது. அப்படித்தான் உச்சி வெயிலில், ஒரே பச்சையாக நின்ற கேப்பைக்கு முன்னால் தேவகி பேனாவைத் திறந்தார்.

6. பாறை

தேவகி கொஞ்ச நேரம் யோசித்தார். பேனாவை மூடினார்.

"நாளைக்குக் காலைல, விடியறப்ப. ரெண்டு தரப்பும் வரணும். வரலன்னா வரலன்னு எழுதுவேன்."

"மேடம், திருப்பதிக்கே நான் கார்ல போறவன்" என்றார் சபாபதி.

"அப்ப உங்களுக்குப் புண்ணியம் பாக்கி இருக்குது சார். ஏறுங்க."

மறுநாள் காலை பாறையடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். வானம் முழுக்க மேகம். ஏரிக்கு அந்தப் பக்கம் மழை இறங்குகிறது தெரிந்தது. வெயில் இல்லை என்றால் நிழல் இல்லை. நிழல் இல்லை என்றால் கோடு இல்லை. அன்று விட்டால் இன்னொரு நாள் கிடைக்காது.

ஏறினோம். தேவகி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். சபாபதியைக் கோவிந்தசாமி கைபிடித்து இழுத்தார்.

"ஜல்தி வாங்க வக்கீலய்யா."

"ஜல்தியா? உன் கேசுக்கு வந்ததுக்கு என்ன மேலேர்ந்து தள்ளிடலாம்னு பாக்கறியா? பேஜாருய்யா உன்னோட."

உச்சியில் நின்று பார்த்தோம். கேப்பை, ஒரே மங்கல் பச்சை. ஒன்றும் இல்லை. ஆரோக்கியமேரி ஓரமாக உட்கார்ந்து செபமாலை உருட்ட ஆரம்பித்தார்.

சபாபதி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா, மழைக்கு செபமா, வெயிலுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல அய்யா. எங்க வக்கீலுக்கு புத்தி சரியா இருக்கணுமேன்னுதான்."

நான் கேட்காததுபோல நின்றேன்.

தேவகி பக்கத்தில் வந்தார். "சார், எங்க பாக்கணும், எதப் பாக்கணும்னு சொல்லுங்க. முடிச்சிக்கினு போலாம்."

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. 'அந்த வேப்பமரத்துக்கு நேரா பாருங்க' என்று சொன்னால் போதும், அந்த மங்கலிலும் அவர் எதையாவது பார்த்திருப்பார். பிறகு கோர்ட்டில் சபாபதி கேட்பார்: "நீங்களா பாத்தீங்களா, இல்ல அவரு சொல்லிப் பாத்தீங்களா?" அந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறேன், ஹிந்தியில்.

"உங்களுக்கு என்ன தெரியுதோ அதத்தான் மேடம் எழுதணும். கொஞ்சம் நிக்கலாம்."

நின்றோம். சபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். கோவிந்தசாமி கொட்டாவி விட்டார். தேவகி செருப்பைக் காலில் மாட்டினார், கிளம்புகிறார் என்று அர்த்தம். நான் கொல்லையைப் பார்க்கவில்லை, கிழக்கே பார்த்தேன். மேகத்துக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. சூரியன் அதற்குள் வந்தது.

வெயில் கொல்லையின்மேல் பக்கவாட்டில் விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எண்ணிக்கொண்டே இருந்தேன், எதை எண்ணினேன் என்று தெரியாது.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சபாபதி கையை நிறுத்தினார்.

"யோவ் கோவிந்தசாமி, இன்னாய்யா அது? கொல்ல நடுவுல ரயில் ரோடு மாதிரி ரெண்டு கோடு போவுது?"

"வக்கீலய்யா..." என்றார் கோவிந்தசாமி.

"இல்லய்யா, தோ பாரு. இங்க ரோட்டாண்ட ஆரம்பிச்சி, வேப்பமரத்துக்கிட்ட கொஞ்சம் வளைஞ்சி, நேரா அந்தம்மா கொல்லைக்கே..."

அங்கே நின்றுவிட்டார். அவருக்கே கேட்டுவிட்டது.

கீழே இரண்டு கோடுகளும் வண்டிச் சக்கரம் போன அகலத்தில், ஒன்றுக்கொன்று விலகாமல், கோவிந்தசாமியின் கேப்பைக்குள் போய் ஆரோக்கியமேரியின் மல்லாட்டையில் முட்டி நின்றன.

தேவகி பேனாவைத் திறந்தார். "சார், நீங்க சொன்னத அப்படியே எழுதிக்கட்டுமா?"

சபாபதி சாதாரண ஆள் இல்லை. சமாளித்தார். "நான் சொன்னத எதுக்கு மேடம் எழுதறீங்க? நீங்க பாத்தத எழுதுங்க."

"நானும் அதேதான் சார் பாக்கறேன். வேப்பமரத்துக்கிட்ட வளைவு உட்பட."

ஆரோக்கியமேரி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அடப்பாவி சார், இத வெச்சிக்கினா சும்மா நின்னீங்க?" என்றார்.

கீழே இறங்கிக் கொல்லைக்குள் போனோம். கோடு விழுந்த இடத்தில் தேவகி கடப்பாறையைப் போடச் சொன்னார். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே கல்லில் பட்டதுபோல் சத்தம். ஓர் அடி தள்ளிப் போட்டால் பாதி கடப்பாறை உள்ளே போனது. கோடுகளுக்கு நடுவே அளந்தார்கள், ஊரிலிருந்த மாட்டுவண்டியைக் கொண்டுவந்து சக்கரத்தையும் அளந்தார்கள். பொருந்தியது.

கோவிந்தசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நான் வெதச்ச கேப்பையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுதே!" என்றார். கோபத்தில் சொன்னதா, வியப்பில் சொன்னதா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

7. உத்தரவு

அறிக்கை தாக்கலானது. சபாபதி ஆட்சேபணை போட்டார். அது விதைக்கிற கருவியின் தடமாக இருக்கலாம், தண்ணீர் ஓடின தடமாக இருக்கலாம் என்று நன்றாகவே வாதாடினார். நீதிபதி கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"நீங்களும் பாறை மேல ஏறினதா அறிக்கையில இருக்குது. நீங்க என்ன பாத்தீங்க?"

சபாபதி கையிலிருந்த காகிதங்களை மேசையில் வைத்தார். இல்லை என்று சொல்லலாம், வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். பல பேர் சொல்வார்கள்.

"கமிஷனர் எழுதினதுதான் அய்யா" என்றார். உட்கார்ந்தார்.

வழக்கு முடிகிற வரை வண்டிப்பாதையை உடனே திறந்துவிட வேண்டும் என்று உத்தரவானது. கோர்ட் தாழ்வாரத்தில் சபாபதி என்னை நிறுத்தினார்.

"மேஜரே, உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா நீங்க தொறந்திருக்க மாட்டீங்களே."

முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

முள்கம்பியைக் கோவிந்தசாமியே வெட்டினார். கோர்ட் ஆள் வந்து வெட்டினால் கௌரவக் குறைவு என்று நினைத்திருக்கலாம். கோடு போன அகலத்துக்கு மட்டும் கேப்பையை அறுத்துக் கொடுத்தார். டிராக்டர் உள்ளே போனது. பின்னாலேயே பெண்கள் போனார்கள். வானம் இருட்டிக்கொண்டு வர, செடி செடியாகப் பிடுங்கி உதறினார்கள். காய் ஒவ்வொரு செடியிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. முளை விட்டது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஏற்ற ஏற்ற டிரெய்லர் ஒரு சின்ன மலை மாதிரி ஆனது. கடைசிக் கட்டு ஏறும்போது ஏரிப் பக்கம் முதல் தூறல் விழுந்தது. கோவிந்தசாமி வீட்டுக்குள் போய் ஒரு தார்ப்பாய் எடுத்துவந்து, யாரிடமும் பேசாமல் டிரெய்லர்மேல் வீசிவிட்டுப் போனார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உண்மை உன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் போதாது. அதை நீ சொல்லிவிட்டால் அது உன் கட்சிக்காரரின் வாதம், அவ்வளவுதான். எந்த இடத்தில் நின்றால் தெரியுமோ அந்த இடத்துக்கு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போ. வெயில் வருகிற வரைக்கும் நில். அதற்கு மேல் பேசாதே. பேசாமல் நிற்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான வாதம்.

டிரெய்லர் கிளம்பியபோது ஆரோக்கியமேரி மல்லாட்டைக் கட்டுகளின் உச்சியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரப்பில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா சார் கீழ நின்னுக்கினு? ஏறி வாங்க! மேலேர்ந்து பாத்தாத்தானே உங்களுக்குக் கண்ணு தெரியும்!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். டிராக்டர் பாதையில் இறங்கி, வேப்பமரத்துக்கிட்ட கொஞ்சம் வளைந்து, நேராக ரோட்டுக்குப் போனது.